கள்ளுக்கடையை மூடச் சொன்னது யார்?

"தோட்டப்புறத் தமிழர்கள் குடித்தே கெட்டுப்போனார்கள்." நான் அண்மையில் திருத்திய ஒரு வரலாற்றுக் கட்டுரையில் இப்படி ஒரு வரி. எழுதிய மாணவனைக் குறை சொல்லவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்? ஆனால், இதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், கள் எப்படி உண்டாகிறது? பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் மதுவாக மாற்றும். வீட்டில் பழ ஒயின் போடுகிறவர்கள் இதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். தென்னம்பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டே போதும். சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுதான் பதநீர். புளித்த கள்ளோ ஓரிரு நாளில் காடியாகிவிடும். ஆகவே சேர்த்து வைத்து விற்க முடியாது. இறக்கிய அன்றே, குடிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே விற்றாக வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கடை வைப்பது இதற்குத் தோதாக அமைந்தது.

மலாயாவில் அந்தக் கடைக்கு உரிமம் கொடுத்தது பிரிட்டிஷ் ஆட்சி. பல தோட்டங்களில் கடை நிர்வாகத்தின் கையில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிக் களைத்த தொழிலாளிக்கு லயத்துப் பக்கத்தில் வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது? குறைந்த கூலி, அதிலும் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போனது. பிள்ளைகளின் சோற்றுக் காசு அது. குடும்பங்கள் சீரழிந்தது உண்மைதான், மறுக்கவே முடியாது.

இதைக் கண்டு கொதித்தவர்களும் அதே தொழிலாளர்கள்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் போலீசோடு மோதல் ஏற்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள் குடித்து அல்ல, கள்ளை எதிர்த்து!

மாணவர்களே, தேர்வில் 'குடித்தார்கள்' என்று எழுதினால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உரிமம் கொடுத்தது யார், கடையை நடத்தியது யார், மூடச் சொன்னது யார் என்று மூன்றையும் எழுதுங்கள். அப்போதுதான் அது காரண காரியத்தோடு கூடிய வரலாறு.

ஆசிரியர்களே, இப்பாடத்துக்கு முன் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: "உங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை எங்கே இருந்தது?" பதிலை வரைபடத்தில் குறியுங்கள். லயம், ஆபீஸ், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.