செம்பு மலையும் காகிதக் காடும்

காகிதக் கம்பெனி ஒன்றின் ஜாதகம் தோலில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் வேடிக்கையாக இல்லையா? 1288-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி ஸ்வீடன் தேசத்தில் வெஸ்டெரோஸ் என்ற ஊரின் பிஷப் பீட்டர் என்பவர், தாம் முன்பு கைவிட்டிருந்த ஒரு சொத்தைத் திரும்ப வாங்கிக் கொண்டார். பதனிட்ட தோலில் பத்திரம் எழுதி, ராஜா உள்படப் பெரிய மனிதர்கள் முத்திரை வைத்தார்கள். சொத்து என்ன தெரியுமா? ஒரு மலையில் எட்டில் ஒரு பங்கு. ஃபாலூன் நகரத்துச் செம்பு மலை அது. ‘ஸ்டோரா கொப்பர்பெர்க்’ என்று பெயர். பெரிய செம்பு மலை என்று அர்த்தம். அந்த மலையின் பங்குதாரர் கூட்டம்தான் பெயர் மாறி, தொழில் மாறி, 1998-ல் பின்லாந்துக் கம்பெனி ஒன்றோடு கலந்து, இன்று ‘ஸ்டோரா என்ஸோ’ என்ற பெயரில் மரக்கூழும் அட்டையும் செய்து விற்கிறது.

அந்தக் காலத்தில் பாறையை உடைக்க வெடிமருந்து கிடையாது. பாறையின் மேல் விறகை அடுக்கி இரவெல்லாம் எரிப்பார்கள். சூட்டில் பாறை விரிசல் விடும்; மறுநாள் சம்மட்டியால் பெயர்த்து எடுப்பார்கள். எடுத்த தாதுவை வறுக்க விறகு, உருக்க மரக்கரி. ஆக, செம்புச் சுரங்கம் என்று பேர்தானே தவிர, அது தின்றதெல்லாம் காட்டைத்தான். கந்தகப் புகை வேறு. 1734-ல் லின்னேயஸ் என்ற தாவர சாஸ்திரி அங்கே போய்ப் பார்த்துவிட்டு, நரகத்தையே நேரில் கண்டவர் போல எழுதினார். செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய மனிதர், செடி முளைக்காத இடத்தில் நின்றிருக்கிறார்!

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் பெரும் பகுதி இந்த ஒரு குழியிலிருந்துதான் வந்தது. செம்பு மிதமிஞ்சிக் கிடைக்கவே, ஸ்வீடனில் செம்புப் பலகையையே நாணயமாக அடித்தார்கள். 1644-ல் அடித்த பத்து டாலர் பலகை ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிலோ! இதைச் சுமந்து கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவது எப்படி? 1661-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு பாங்கு நோட்டு அச்சடித்தது. ஐரோப்பாவின் முதல் பாங்கு நோட்டு அதுதான். செம்பைக் காகிதம் ஜயித்த முதல் ஆட்டம் என்று சொல்லலாம்.

1687-ல் சுரங்கம் சரிந்து விழுந்தது. வரைமுறையின்றித் தோண்டியதன் பலன். கோடைத் திருநாள் விடுமுறையாதலால் உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு உயிரும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போன உயிர்களோ பல. மாட்ஸ் இஸ்ரேல்ஸன் என்ற வாலிபன் 1677-ல் உள்ளே போனவன் வெளியே வரவில்லை. 1719-ல், 42 வருஷம் கழித்து, நீர் தேங்கிய ஒரு பாதையில் அவன் உடல் கிடைத்தது. துத்த நீரில் ஊறி, முகம் வாடாமல் அப்படியே இருந்தது. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவி வந்து பார்த்தாள். அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் அவள். அவன் இளைஞனாகவே கிடக்கிறான். அவள் கிழவியாகி நிற்கிறாள். ஜெர்மன் எழுத்தாளர்கள் ஹெபலும் ஹாஃப்மனும் இதை வைத்துக் கதை எழுதியதில் ஆச்சரியமில்லை. கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த உடலை வெகுகாலம் காட்சிப் பொருளாக வைத்திருந்து, கடைசியில் 1930-ல்தான் அடக்கம் செய்தார்கள்.

செம்பு குறைந்தது. கம்பெனி இரும்புக்குத் தாவியது. இரும்புக்கும் மரக்கரி வேண்டுமே. காடுகளை வாங்கிக் குவித்தது. பிறகு நிலக்கரி வந்ததும் மரக்கரிக்கு மவுசு போயிற்று. காடு மட்டும் கையில் நின்றது. அதை என்ன செய்வது? அப்போதுதான் மரத்திலிருந்து காகிதம் செய்யும் வித்தை பரவியிருந்தது. 1900-ல் போர்லெங்கே நகரத்தில் ஆற்றங்கரையில் க்வார்ன்ஸ்வேதன் என்ற காகித ஆலை எழுந்தது. 1903-ல் ஸ்வீடன் சட்டம் இயற்றி, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தின்றவனையே பயிரிட வைத்த சட்டம்! 1978-ல் இரும்பும் போயிற்று. 1992-ல் பழைய செம்புச் சுரங்கத்தையும் மூடினார்கள்.

இப்போது இன்னொரு மாற்றம். பூமியின் உஷ்ணம் ஏறுகிறது. கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும். 2019-ல் வெளியிட்ட வாயுவில் பாதியை 2030-க்குள் குறைப்பதாகக் கம்பெனி வாக்களித்திருக்கிறது. கூழ் ஆலைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. மரத்தை ரசாயனத்தில் வேக வைத்தால் ஏறக்குறையப் பாதிதான் கூழாகும். மீதி கரைந்து கரிய திரவமாகும். அதைக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்தால் நீராவியும் மின்சாரமும் கிடைக்கும்; ரசாயனமும் திரும்பி வரும். சுண்ணாம்புச் சூளைக்கு ஊற்றும் எண்ணெயையும், மரம் சுமக்கும் லாரிகளையும் மாற்றிவிட்டால் பெரும்பகுதி முடிந்த மாதிரிதான்.

ஆனால் மரத்தை எரித்த புகையும் புகைதானே? கணக்குப் புத்தகத்தில் அதை நிலக்கரிப் புகையோடு சேர்ப்பதில்லை, தனியாக எழுதுகிறார்கள். வளரும் மரம் அதைத் திரும்ப உறிஞ்சிக் கொள்ளுமாம். நியாயந்தான். ஆனால் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு மரம் வெட்டும் பருவத்துக்கு வர எழுபது, எண்பது வருஷமாவது ஆகும். வாக்குறுதியின் கெடுவோ 2030. இந்த இடைவெளியைப் பற்றித்தான் அங்கே காட்டு விஞ்ஞானிகளுக்குள் சண்டை. சண்டையில் எனக்குப் பட்டதைச் சொன்னால், கம்பெனியின் கணக்கில் பிழையில்லை, அவசரம்தான் இல்லை.

க்வார்ன்ஸ்வேதன் ஆலையை 2021-ல் மூடிவிட்டார்கள். பத்திரிகைக் காகிதம் வாங்க ஆளில்லை. சுமார் 440 பேர் வேலை இழந்தார்கள். மூடிய ஆலையில் புகை ஏது? கணக்கில் அதுவும் குறைவுதான். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த 440 பேர் உறவினர் மாதிரி. அடுத்த வருஷம் மின்சாரக் காருக்கு பாட்டரி செய்யும் நார்த்வோல்ட் என்ற கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. ஊரார் ஆயிரம் வேலை வரும் என்று நம்பினார்கள். 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2025-ல் அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டது.

அதே 2025-ல் ஸ்டோரா என்ஸோ ஸ்வீடனிலுள்ள தன் காட்டில் 1,75,000 ஹெக்டேரை 90 கோடி யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. மரம் மட்டும் தொடர்ந்து தனக்கே வரும்படி ஏற்பாடு. விற்றது மொத்தக் காட்டில் 12.4 சதவிகிதம். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிஷப் பீட்டர் வாங்கியதும் அதே அளவுதான்.