வாடை கொண்டுவரும் தூசி

1883ஆம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சில இடங்களில் நீலமாகவும் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 27 அன்று, சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்திருந்தது. அதன் தூசி மேல்வானக் காற்றில் ஏறி, பூமத்தியரேகையை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை நோக்கி நிறமாலைமானியைத் திருப்பினார். ஒளியின் சிவப்புப் பக்கம் பெரிதும் விழுங்கப்பட்டிருந்தது. அவர் நீராவியையே காரணமாகக் கருதினார். 1888இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட பெரிய அறிக்கை எரிமலைத் தூசியைக் காட்டியது. அவருடைய விளக்கம் நிற்கவில்லை, வழி நின்றது. எட்டாத உயரத்தில் இருக்கும் தூசியை, அதைக் கடந்துவரும் ஒளியைக் கொண்டே அளக்கலாம் என்பதுதான் அந்த வழி. இன்றைய செய்மதிகளும் அடிப்படையில் அதைத்தான் செய்கின்றன.

புத்தளம் கரைக்கு இந்தக் கதையில் என்ன வேலை? இங்கே சூரிய ஒளி என்பது உப்புத் தொழிலின் மூலதனம். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கியதாகச் சொல்லப்படும் துறை இது. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கியதும் புத்தளம் களப்பின் வாயைக் காக்கத்தான். கண்டி இராச்சியத்துக்கு உப்புப் போகும் வழியைப் பிடித்தவன் கையில் ஒரு பிடி இருந்தது. கற்பிட்டியில் பிறந்த தமிழறிஞர் சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை கசெற்றியரைப் புரட்டினால், ஊர் ஊராக இலங்கையை எழுதிவைக்கும் முயற்சிக்கு இந்தக் கரையின் மகன் ஒருவரே முன்னால் நின்றது தெரியும்.

உப்பளத்தில் நடப்பது பொறுமையான வேலை. களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு வெயிலில் வற்றவிடுவார்கள். நீர் தடிக்கத் தடிக்க, உப்புக்கு முன்னரே ஜிப்சம் அடியில் படியும். அதன் பிறகே நீரைச் சிறு பாத்திகளுக்குத் திருப்புவார்கள். அங்கே உப்பு பூக்கும். அந்த நேரத்தில் ஒரு மழை விழுந்தால் வாரக்கணக்கான வெயில் வீண். உப்பு விளைந்த பின் மிஞ்சும் கசப்பு நீரை நேரத்தோடு வெளியேற்றாவிட்டால் மக்னீசியம் கலந்து உப்பே கசந்துவிடும். ஆகவே உப்பளக்காரர் வெயிலின் அளவையும் காற்றின் திசையையும் நாள்தோறும் கணக்கில் வைத்தார்கள். தென்மேற்குக் கச்சான் வீசினால் நீர் விரைந்து வற்றும். வடகிழக்கு வாடைக் காலத்தில் சில நாட்கள் வானம் மங்கும். மேகமே இல்லாமல் மங்கும்.

அந்த மங்கலுக்கு விடை புத்தளத்தில் தேடப்படவில்லை. வானைக் கடந்துவரும் ஒளியை அளக்கும் தேடல் முதலில் மலைக்குப் போனது; அங்கே தேடியதும் தூசியை அல்ல, ஓசோனை. மிச்சி ஸ்மித் முதல் இயக்குநராக இருந்து 1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகத்துக்கு, 1928இல் ஒக்ஸ்ஃபோர்ட்டிலிருந்து பௌதிகவியலாளர் டொப்சன் ஒரு கருவி அனுப்பினார். சூரியனின் புறஊதாக் கதிரில் எவ்வளவு வழியில் காணாமற்போகிறது என்று ஒளிப்படத் தகட்டில் பதிந்து, அதிலிருந்து தலைக்கு மேலுள்ள ஓசோனைக் கணக்கிடும் கருவி. அதே தொகுதிக் கருவிகள் எகிப்து, கலிபோர்னியா, நியூசிலாந்து என்று பிரிந்து போயின. தகடுகளை ஒக்ஸ்ஃபோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி அளந்தார்கள். வெப்பமண்டலத்தில் ஓசோன் குறைவு, ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதுமில்லை என்று தெரிந்தது. கொடைக்கானலுக்குச் சற்றே தெற்கிலுள்ள புத்தளத்தின் வானுக்கும் அது பொருந்தும். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதியின் டோம்ஸ் கருவி அதை நாள்தோறும் உலகப்படமாகவே காட்டியது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்குச் சுருக்கினால் மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம் தோலையும் கண்ணையும் காப்பது அவ்வளவுதான்.

ஓசோனும் தூசியும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்ததைச் சொல்லியாக வேண்டும். சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், தொடக்கத்தில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப்பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. அதே வகை குளோரோஃபுளோரோகாபன் வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் சொன்னார்கள்; அவை பூமியைச் சூடாக்கவும் செய்யும் என்று ராமநாதன் 1975இல் காட்டினார்.

கால் நூற்றாண்டுக்குப் பின், 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, அவரும் ஓசோன் வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்ற பவுல் குருட்சனும் இந்தியப் பெருங்கடலில் 'இண்டோயெக்ஸ்' என்ற பெரும் ஆய்வை நடத்தினார்கள். விமானங்கள், கப்பல்கள், செய்மதிகள், மாலைதீவின் காசிதூ தீவில் ஒரு தரை நிலையம். மாதங்களைத் தேர்ந்ததிலேயே அவர்கள் எண்ணம் விளங்குகிறது: அது வாடைக் காலம், துணைக்கண்டத்தின் புகை கடலுக்கு இறங்கும் காலம். ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, பழுப்பு மூட்டம் படர்ந்திருந்தது. விறகு, சாணம், டீசல், நிலக்கரி எல்லாவற்றின் கரியும் அதில் கலந்திருந்தது. கடல்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு வரை அது தடுத்தது. மன்னார் வளைகுடாவுக்கு இப்பால், காற்றின் வழியிலேயே இருக்கும் கரை புத்தளம்.

கரையும் தன் பங்குக்குப் புகையைச் சேர்த்தது. அருவக்காட்டுச் சுண்ணக்கல்லை ரயிலில் கொண்டுவந்து அரைக்கும் சீமெந்துத் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் வருவதற்கு, தலவில் அன்னம்மாள் திருத்தலத்தின் சூழலை எண்ணிக் கத்தோலிக்கத் திருச்சபை முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. ஆனாலும் 2006இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் 300 மெகாவாட் முதல் அலகு இயங்கியது. 2014இல் மூன்று அலகுகளுமாக 900 மெகாவாட் ஆயிற்று. கச்சான் காலக் கொந்தளிப்பில் நிலக்கரியை இறக்க முடியாது. அதனால் அதற்கு முன்பே கொண்டுவந்து முற்றத்தில் மலையாகக் குவிக்கிறார்கள். பிறகு அதே கச்சான் அந்தக் குவியல்மீது வீசுகிறது. மிளகாய்த் தோட்டத்திலும் கருவாட்டிலும் கரி படிகிறது என்று நுரைச்சோலைச் சனங்கள் முறையிடுவது நியாயம்.

இதையெல்லாம் செய்மதி பார்க்கவில்லையா? பார்க்கிறது, ஆனால் சரியாக இந்தக் கரையில்தான் தடுமாறுகிறது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெரா செய்மதியின் மோடிஸ் கருவி தூசியைக் கணக்கிட நிலத்துக்கு ஒரு முறை, ஆழ்கடலுக்கு வேறொரு முறை என்று வைத்திருக்கிறது. கற்பிட்டியிலோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆழமற்ற களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நாக்கு, அப்பால் வெளுத்த உப்புப் பாத்திகள். பத்துக் கிலோமீட்டர் சதுரம் ஒன்றில் இவை அத்தனையும் அடங்கிவிடும். அடியிலிருந்து வரும் ஒளி எது, தூசி சிதறிய ஒளி எது என்று பிரிக்க முடியாமல் கணிப்பு பல இடங்களில் கைவிடப்படும். 2017இல் ஏறிய ட்ரோபோமி கருவியின் சதுரங்கள் இன்னும் சிறியவை. புகைபோக்கி கக்கும் நைதரசன் ஈரொட்சைட்டை அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அந்த வாயு வெயிலில் வெந்து தரையருகே உண்டாக்கும் ஓசோனை மேலிருந்து காண்பது மிகக் கடினம். ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு உயரத்தில் நின்று திரையிடுகிறது. உயரத்தில் காக்கும் அதே வாயு தரையில் நெஞ்சையும் பயிரையும் கெடுப்பது.

2022 டிசம்பரில் மாண்டூஸ் புயல் இந்தியப் புகையை இழுத்துவந்து இலங்கை முழுவதையும் மூடியபோது பாடசாலைகளை ஒருநாள் மூட வேண்டி வந்தது. அன்று வந்தது புதிய விருந்தாளி அல்ல. வாடை ஆண்டுதோறும் கொண்டுவருவதைப் புயல் ஒரேயடியாகக் கொட்டியது.

தரையில் எழுதிவைத்த கணக்கு இங்கேதான் பெறுமதி பெறுகிறது. உலகின் பல இடங்களில் ஆவியாதல் தட்டுகளில் நீர் வற்றும் வேகம் ஐம்பது ஆண்டுகளாகக் குறைந்துவந்ததற்கு வெயில் மங்கியது முக்கிய காரணம் என்று 2002இல் ரொடெரிக்கும் ஃபார்குவாரும் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது வானிலை நிலையங்களின் சிறு தட்டுகள். புத்தளத்தின் ஒவ்வொரு பாத்தியும் அப்படியொரு தட்டு. உப்பு அரசின் ஏகபோகமாக இருந்த பிரித்தானியர் காலத்தில் எந்த ஆண்டு எத்தனை அந்தர் விளைந்தது என்று நிர்வாக அறிக்கைகள் எழுதின. மழையும் கூலியும் சந்தையும் அந்த எண்களைக் குழப்பும் என்பது உண்மை. மழைக்கணக்கோடு ஒப்பிட்டால் அந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைக் கழிக்கலாம்.

புத்தளத்திலோ பாலாவியிலோ கற்பிட்டியிலோ, உப்பளம் வைத்திருந்த குடும்பங்களின் பெட்டிகளில் பழைய கொப்பிகள் இருக்கலாம்: தண்ணீர் திறந்த தேதி, உப்பு வாரிய தேதி, மழை கரைத்த நாள். அவற்றைக் கடைக்குப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளிவாசல் நூலகத்திலோ பாடசாலையிலோ சேர்த்துவையுங்கள், ஒளிப்படம் எடுத்தாவது வையுங்கள். இந்தக் கரையில் வெயில் எவ்வளவு மங்கியது என்று செய்மதிகள் பிறப்பதற்கு முன்னைய காலத்துக்கும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஆவணங்கள் வேறு எங்கும் எளிதில் கிடைக்கப்போவதில்லை.