இடுகாட்டு மீட்புச் சீட்டுக்கட்டு

இடுகாட்டு மீட்புச் சீட்டுக்கட்டு என்பது மேஜிக்: த கேதரிங் என்னும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டில், இழந்த சீட்டுகளைத் திரும்பப் பெற்று ஆடுவதற்கென அமைக்கப்படும் கட்டு ஆகும். ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கிய இவ்விளையாட்டு 1993-இல் வெளியானது. அழிந்த உயிரிகளும் பயன்படுத்திய மந்திரங்களும் சேரும் குவியல் இடுகாடு எனப்படும். காவிரிப் படுகையிலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் ஆடப்படும் தாயத்தில், வெட்டுண்ட காய் தாயம் விழுந்தபின் மீண்டும் இறங்குவதை இதனுடன் ஒப்பிடலாம்.

குறைந்த செலவில் அமைத்தல்

அரிய சீட்டுகள் விலை மிகுந்தவை. 'பாப்பர்' ஆட்டமுறையில், பொதுவகையாக ஒருமுறையேனும் அச்சிடப்பட்ட சீட்டுகளே அனுமதிக்கப்படுகின்றன. இம்முறை 2019-இல் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலங்கள் தவிர, ஒரே பெயருடைய சீட்டு நான்குக்கு மேற்படலாகாது.

செயற்படும் முறை

இதன் மையம் 1998-இல் வெளியான 'டார்ச்சர்டு எக்சிஸ்டென்ஸ்' ஆகும். ஒரு கருப்பு ஆற்றலைச் செலவிட்டு, கையிலுள்ள ஓர் உயிரியைக் கழித்தால், இடுகாட்டிலுள்ள வேறோர் உயிரி கைக்கு வரும். 2005-இல் வெளியான 'ஸ்டிங்க்வீட் இம்ப்' இதற்குத் துணையாகும். சீட்டு எடுப்பதற்குப் பதிலாக, கட்டின் மேலுள்ள ஐந்து சீட்டுகளை இடுகாட்டில் இட்டு இதனை மீட்கலாம். 'கோல்காரி பிரவுன்ஸ்கேல்' இடுகாட்டிலிருந்து கைக்கு வரும்போதெல்லாம் இரண்டு உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும்.

குறைபாடுகள்

'ரெலிக் ஆஃப் புரொஜெனிட்டஸ்', 'போஜூகா பாக்' ஆகியன இடுகாட்டை முழுவதும் நீக்க வல்லவை. இவையும் பொதுவகைச் சீட்டுகளே. எனவே எதிராளிக்கும் இவை எளிதில் கிடைக்கும். மேலும், கட்டு தீர்ந்தபின் சீட்டு எடுக்க நேர்ந்தால் ஆடுபவர் தோற்பார். ஆதலால் மீட்பை அளவறிந்து கையாளுதலே இக்கட்டின் திறன் ஆகும்.