காம்ஸ்டாக் படிவு: உரிமைக்கோரல் என்னும் பிரதி

கண்டுபிடித்தவன் பெயர்தான் பொருளுக்கு நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நெவாடாவின் வர்ஜீனியா மலைத்தொடரில் இது தலைகீழ். 1859 ஜூனில் அங்கே மண்ணைக் கிளறித் தங்கம் அரித்துக்கொண்டிருந்தவர்கள் பீட்டர் ஓரைலி, பாட்ரிக் மெக்லாலின் என்னும் இரண்டு ஐரிஷ்காரர்கள். அந்தப் பக்கமாக வந்த ஹென்றி காம்ஸ்டாக், இந்த நிலமும் தண்ணீரும் ஏற்கெனவே என்னுடையது என்றான். அவ்வளவுதான். அவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் பங்கு கொடுத்தாகிவிட்டது. வாயால் தோண்டியவன் பெயர்தான் படிவின் பெயராக நிலைத்தது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று நான் கடந்துபோகத் தயாராயில்லை. சலிக்கும் தொட்டியை அடைத்துக்கொண்ட கருநீலச் சேற்றை அவர்கள் சனியன் என்று திட்டாத குறையாக வாரி எறிந்துகொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் அது வெள்ளித்தாது என்று தெரிந்தது. டன்னுக்கு மூவாயிரம் டாலர் அளவுக்கு வெள்ளி மட்டுமே தேறியது. வெள்ளி இருப்பதை முன்பே ஊகித்து வீட்டுக்குக் கடிதம் எழுதிய க்ரோஷ் சகோதரர்களோ 1857இலேயே செத்துப்போயிருந்தார்கள், ஒருவர் கால்காயம் புரையோடி, மற்றவர் சியரா நெவாடாப் பனியில் சிக்கி. அறிந்தவன், தோண்டியவன், பெயர் கொடுத்தவன் ஆகிய மூவரும் வேறுவேறு ஆட்கள். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் இங்கே கூட்டம் போட்டுப் பேசுகிறோமே, அது அங்கே சுரங்க வாசலில் நடந்து முடிந்த விஷயம்.

அதிகாரம் வேலை செய்த இடம் நீதிமன்றம். மலைக்குள் இருப்பது ஒரே படிவா, பல படிவுகளா என்று 1860களில் வழக்குகள். ஒரே படிவு என்றால், அதன் தலை யார் நிலத்தில் வெளிப்படுகிறதோ அவன், சாய்வைப் பின்தொடர்ந்து அடுத்தவன் எல்லைக்கு அடியிலும் தோண்டிக்கொண்டு போகலாம். பாறையின் அமைப்பை வக்கீல்கள் வாசித்துச் சொன்னார்கள். 'ஒரே படிவு' கட்சிக்காக வாதாடிய வில்லியம் ஸ்டூவர்ட் 1864இல் நெவாடாவின் செனட்டரானார். 1866இல் வந்த சுரங்கச் சட்டத்தில் அவருடைய கை பெரியது. அதன் வாரிசான 1872ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் செல்லுபடியாகிறது.

காம்ஸ்டாக் தன் பங்கைச் சொற்பத்துக்கு விற்றுவிட்டு, 1870இல் மொன்டானாவில் தற்கொலை செய்துகொண்டான். 1880களின் தொடக்கத்துக்குள் படிவு கொடுத்தது சுமார் முப்பது கோடி டாலர். இந்த ஏமாளிக் கதையை ரசித்துச் சொல்கிறவர்கள் வாஷோ, வடக்குப் பையூட் மக்களிடம் வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமக்களும், குடிமக்களாகப்போகிறோம் என்று அறிவித்தவர்களும்தான் உரிமை கோரலாம் என்றது சட்டம். மண்ணின் மக்கள் குடிமக்களாகக் கருதப்படவில்லை. அவர்களுடைய குளிர்கால உணவு பினியன் பைன் கொட்டைகள். வர்ஜீனியா சிட்டியின் அடுப்புகளுக்கும் ஆலைகளுக்கும் விறகாகப் போனவை அந்த மரங்கள்.