தோட்டத்துப் பிள்ளைகளும் வழிகாட்டிய பெரியோரும்

1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைசூருக்கு வந்திருந்த அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் பெஞ்சமின் மேஸ், தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களின் பள்ளியொன்றுக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்காவில் தீண்டத்தகாதவராய்ப் பிறந்தும் உயர்வெய்தியவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். மேஸ் முதலில் வருந்தினார்; பின்னர் அதில் உண்மையுண்டென உணர்ந்தார். தம்மைப் போன்ற ஒருவர் உயர்ந்து நிற்பதைக் கண்ணாரக் காண்பது அச்சிறுவர்க்குத் தேவையாயிருந்தது.

அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகனான மேஸ், 1940 முதல் 1967 வரை மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவராயிருந்து கறுப்பின இளைஞர் பலரை ஆளாக்கினார். மார்ட்டின் லூதர் கிங் அவர்களுள் ஒருவர். அந்த இந்தியப் பயணத்திலேயே மேஸ் காந்தியடிகளையும் சந்தித்தார்.

அடிகளின் பெயரால் பேராக் மாநிலத்திலும் ஒரு பள்ளி எழுந்தது. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டுமெனச் சட்டம் இருந்தது. ஆயினும் பல பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. கங்காணியோ கிராணியோ ஆசிரியராயிருந்ததும் உண்டு. படிப்பு முடிந்த சிறுவனுக்குக் காத்திருந்தவை பால்வாளியும் வெட்டுக்கத்தியுமே.

சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த வீ. தி. சம்பந்தன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1954-இல் அவர் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியெனப்பட்டவர் பங்குதாரரானார். தந்தை நிமிர்ந்தால் மகனும் நிமிர்வான் அன்றோ!

எனினும், பள்ளியும் பங்கும் மட்டும் போதா. கைபிடித்து அழைத்துச் செல்வாரும் வேண்டும். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இக்குறையை நாடளவில் நிறைக்க முற்பட்டது. பல்கலைக்கழகம் புகுந்தோர் தமக்குப் பின் வருவோர்க்குப் பாடம் சொல்லித் தருவது அதன் வழியாயிற்று. முன்னேறியவனே பின்வருவோனுக்குச் சான்றும் ஆசானும் ஆனான்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாயின. லயத்து மக்கள் ஈப்போ முதலிய நகர்ப்புறங்களில் குடியேறினர். அவ்விளைஞரில் ஒருவன் தவறினால் அது செய்தியாகிறது. ஒருவன் தேறினால் அவன் வீட்டோடு நின்றுவிடுகிறது. கறுப்பின இளைஞர்க்கு நேர்ந்ததும் இதுவே. தேறியவனை ஊரறியப் பாராட்டுவது வெறும் உபசாரமன்று. அடுத்த சிறுவன் தன் வழியைக் கண்டுகொள்வது அப்போதுதான்.