வேலிக்காத்தானும் எங்கள் நிலமும்

செஞ்சிக்கு மூன்று மலை. ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் சுற்றுலா வருகிறவர்கள் ஏறுகிறார்கள். மூன்றாவது மலைக்கு யாரும் போவதில்லை. புத்தகங்கள் அதைச் சந்திரகிரி என்றும் சந்திராயன் துர்க்கம் என்றும் எழுதுகின்றன. வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த பழைய குறிப்புகளில் அதற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது: சக்கிலி துர்க்கம். எங்க ஆயா வாயில் கடைசி வரை அந்தப் பெயர்தான் வந்தது. அந்த மலையடிவாரம் இன்றைக்கு முள். வேலிக்காத்தான் முள்.

2025 ஜூலையில் மராட்டியத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரே கொண்டாடியது. 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1714இல் செத்துப்போன தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன் என்று மறுபடியும் எல்லாரும் ராஜா கதையைப் பேசினார்கள். கோட்டையைப் பிடித்தவன் கதை மட்டும்தான் நமக்கு வரலாறு. கோட்டைக்கு வெளியே நிலத்தைப் பிடித்தவன் கதையை யார் எழுதுவது? அந்தக் கதையை நான் முள்ளிலிருந்து தொடங்குகிறேன்.

வேலிக்காத்தான், சீமைக் கருவேலம் என்று நாம் சொல்லும் மரம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும்தான் அதன் தாய்மண். சென்னை மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த பெட்டோம் 1876இல் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதையை 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். அந்த வருஷங்கள் எவை என்று கவனிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணம் முழுக்க ஜனங்கள் சுருண்டு விழுந்த காலம் அது. செத்தவர்களில் சேரிக்காரர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் பிணம் எரிகிறது, மறு பக்கம் வறண்ட காட்டில் விறகுக்கு மரம் தேடுகிறது சர்க்கார். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசாங்கமும் விறகுக்கும் வேலிக்கும் என்று அதே மரத்தைப் பரப்பியது.

அதற்கு முன்பே வந்தது சப்பாத்திக் கள்ளி. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சாயப்பூச்சி வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கம்பெனிக்காரன் ஆசைப்பட்டான். சென்னையில் ஆண்டர்சன் என்ற டாக்டர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். சாயத்தில் லாபம் வரவில்லை. கள்ளி மட்டும் ஊர் ஊராகப் படர்ந்தது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னாட்டில் சப்பாத்தி அடங்கியது. அதன் பழத்தைத் தின்று வாய் சிவந்ததை ஆயா சிரித்துக்கொண்டே சொல்லும். பசிக்கு எது கெடைச்சாலும் சாமிதான் என்று முடிக்கும்.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாற்காட்டுக்காரன் மல்லாட்டை என்று சொல்கிறோமே, அந்த மணிலாக்கொட்டையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறியது. மிளகாயும் தக்காளியும் வந்தவைதான். மல்லாட்டை அன்னியம் என்று எவனும் சொன்னதில்லை, அது காசு கொடுத்தது. ‘அன்னியன்’, ‘கலப்பு’, ‘தூய்மை’ என்கிற சொற்களைக் கேட்டால் சேரியில் பிறந்தவனுக்குக் காது கூசும். அந்தச் சொற்களால்தான் நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஆகவே செடியின் பிறப்பைக் கேட்க வேண்டாம். அது இங்கே என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று கேட்போம்.

என்ன செய்கிறது? காய் இனிப்பு. ஆடு மாடு விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணியில், புழுக்கையில் விழுந்து முளைக்கும். இலையை மட்டும் ஆடு தொடாது. அடியோடு வெட்டினால் வெட்டிய கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். அது அடர்ந்த இடத்தில் புல் இல்லை, மேய்ச்சல் இல்லை. ஏரி உள்வாயில் அது புகுந்தால் தண்ணீருக்கு இடம் இல்லை. பாதத்தில் முள் ஏறி ஒடிந்தால் சீழ் வைக்கும். செருப்பில்லாத கால்தான் அந்த வலியை முதலில் தெரிந்துகொண்டது. எங்கம்மா கால் ஊசியும் சுண்ணாம்புமாகத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதே அம்மா அந்த முள்ளை வெட்டித்தான் எங்களை வளர்த்தது. அடுப்புக்கு அதுதான். செங்கல் சூளைக்குக் கட்டு கட்டிப் போட்டால் அரிசிக்கு ஆகும். இருளர் ஜனங்களுக்கும் முள் வெட்டுகிற வேலைதான் பல மாதம் கஞ்சி. ஆண்டை கழனிப் பக்கம் ஒடிந்த சுள்ளி பொறுக்கினால் திட்டு விழும். புறம்போக்கு முள்ளுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே இந்த மரத்தைச் சபிக்கவும் எனக்கு முழு மனசு வரவில்லை.

இனி நிலத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சர்க்கார் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. 10 வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை. நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். எங்க பக்கத்தில் டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்பார்கள். அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜனங்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள்.

எங்க தாத்தாவுக்கு அப்படிக் கிடைத்தது ஒரு ஏக்கர் இருபது சென்ட். கல்லும் மேடுமான நிலம். கேழ்வரகு, மல்லாட்டை போட்டார். கிணறு இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. அப்பா கரும்பு வெட்டப் போனார், பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நாலைந்து வருஷம் ஏர் ஓடாத நிலத்தை முள் மூடியது. எல்லைக் கல் மறைந்தது. கணக்கில் தரிசு என்று ஏறியது. நிலம் எங்களுடையது என்பது எங்களுக்கே மங்கிப்போனது.

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்றச் சொன்னது. எங்கும் ஜேசிபி சத்தம். அதே வருஷம் சென்னையில் நீதிமன்றம் தடை போட்டு, வல்லுநர்களைக் கேட்க வேண்டும் என்றது. தடை வருவதற்குள் எங்கள் நிலத்தில் முள் இல்லை. சுற்றிலும் கல் கம்பம், கம்பி வேலி. உள்ளே ஊர்க்காரர் ஒருவரின் தேக்கங்கன்று. ஓர் அலுவலகத்தில் போய் நின்றோம். “அங்க முள்ளுக்காடுதானே இருந்துச்சு? நீங்க எங்க பயிர் வெச்சீங்க?” என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

அந்தக் கேள்வியில்தான் முழு வரலாறும் இருக்கிறது. முள் நிலத்தைத் திருடவில்லை. வறுமை எங்களை நிலத்தைவிட்டு விரட்டியது, காலியான இடத்தில் முள் வந்தது, முள்ளைச் சாட்சியாக வைத்து ஆதிக்க சாதிக்காரன் உள்ளே வந்தான். ஆயாவிடம் சின்ன வயசில் கேட்டேன், வேலிக்காத்தான்னு ஏன் பேரு? ஆயா சொன்னது: “முள்ளுக்கு இன்னாடா தெரியும், ஊரு எது சேரி எதுன்னு? வேலி போட்டவனுக்குத் தெரியும்.”

2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. காட்டை மீட்பது நல்லதுதான். தோழர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முள் வெட்டும் முன் அந்த நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று அ-பதிவேட்டைப் பார்த்துக் கிராம சபையில் படிக்க வேண்டும். பஞ்சமி நிலம் என்றால் அளந்து உரியவர் கையில் கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டுகிற கூலியும் விறகும் இத்தனை நாள் அதை வைத்துப் பிழைத்தவர்களுக்கே போக வேண்டும். வெட்டிய இடத்தில் கிணறும் விதையும் இல்லாவிட்டால் மூன்று வருஷத்தில் முள் திரும்பி வரும், அதன் பின்னாலேயே கம்பி வேலியும் வரும்.

எங்கள் மனு இன்னும் முடிவாகவில்லை. போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பிக்கு வெளியே, வெட்டாமல் விட்ட ஒரு முள் புதரடியில் அம்மா கையை விட்டுத் துழாவியது. பாதி புதைந்த எல்லைக் கல் இருந்தது. மண்ணைத் தட்டிவிட்டு, “படம் புடிச்சிக்கடா” என்றது. பிடித்து மனுவோடு வைத்திருக்கிறேன்.