வாகூரில் வென்ற வாக்கியம்

1752ஆம் ஆண்டு! வாகூர் மண்ணில் வெள்ளையர் இருவர் மோதினர். இலாரன்சு தலைமையில் ஆங்கிலப் படை வென்றது. பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. களம் கண்டவன் ஆங்கிலேயன். ஊரோ, இடையிடையே கைமாறினும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரன் ஆட்சியில்! வாளால் வாகூரைப் பிடித்துவைக்க இயலாத ஆங்கிலம், பின்னாளில் வாக்கியத்தால் பிடித்தது. குருதி சிந்தாத அந்தப் படையெடுப்பை அறிய வேண்டாமா, தோழர்களே?

பிரெஞ்சு நம்மிடம் விட்டுச் சென்றவை பெரும்பாலும் சொற்கள். வில்லியனூரும் வாகூரும் இன்றும் ‘கொம்யூன்’களே. 1736இல் ஆனந்தரங்கர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பிலும் பிறமொழிச் சொற்கள் மலிந்துள்ளன. வாக்கியமோ, எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, முடிவில் வினைமுற்றில் வந்து நிற்கும் தமிழ் வாக்கியம்! விருந்தாளி திண்ணையில் அமர்ந்தான். வீட்டின் தூணைப் பெயர்க்கவில்லை.

1965ஆம் ஆண்டுச் சட்டம் புதுவையில் தமிழை ஆட்சிமொழியாக்கியது, ஆங்கிலத்துக்கும் இடமளித்தது. கோப்பு ஆங்கிலத்தில் சிந்தித்தது. அறிவிப்பு தமிழில் பேசியது. விளைவு?

‘வில்லியனூரும் வாகூரும் மண்ணாடிப்பட்டும்’ என்ற உம்மைத் தொடர், ‘வில்லியனூர், வாகூர் மற்றும் மண்ணாடிப்பட்டு’ ஆயிற்று. ‘அவர் ஆசிரியர்’ என்றால் போதாதாம். ‘அவர் ஒரு ஆசிரியர்’! என்ன, இரண்டு ஆசிரியர் என்று எவரேனும் எண்ணிவிடுவரோ? ‘நாற்று நட்டாயிற்று’ என்பான் உழவன். ‘நாற்று நடவுப் பணி மேற்கொள்ளப்பட்டது’ என்கிறது அறிக்கை.

பேச்சில் ஆங்கிலம் இல்லையா? உண்டு, ஏராளமாக உண்டு. ‘யூஸ் பண்ணினேன்’ என்கிறோம். ஆனால் அங்கும் காலத்தையும் இடத்தையும் காட்டுவது ‘பண்ணினேன்’ என்னும் தமிழ் வினை. பேச்சில் சொல் மாறிற்று, சட்டம் நின்றது. எழுத்திலோ, சொற்கள் தூய தமிழாய் நிற்க, சட்டமே சாய்ந்தது!

ஆங்கிலத்தைப் பகைப்பதல்ல நம் நோக்கம். காற்புள்ளியும் வினாக்குறியும் அங்கிருந்து பெற்றோம், பயன் கண்டோம். ‘படு’ என்னும் துணைவினையும் பழந்தமிழில் உள்ளதே. செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்லும் வழக்கையும் தொல்காப்பியம் ஏற்றது. பழையது என்பதால் போற்றவும் வேண்டா; புதியது என்பதால் தூற்றவும் வேண்டா. யாருக்குப் பயன் என்று கேட்பதே பகுத்தறிவு.

கேட்டுப் பாருங்கள்! ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்கிறது அறிவிப்பு. எடுப்பவர் யார்? எந்நாளில்? எழுவாய் அமரவேண்டிய இடத்தில் செய்பவர் இல்லை, ‘நடவடிக்கை’ வீற்றிருக்கிறது! ‘மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒருவரி மறுமொழியைக் கையில் ஏந்தி நிற்கும் ஏழைத்தாய் எவர் கதவைத் தட்டுவாள்? அன்று, ‘விதி’ என்று சொல்லி, செய்தவனை மறைத்தது வைதிகம். இன்று, ‘பட்டது’ என்று சொல்லி மறைக்கிறது அலுவலக நடை. இரண்டிலும் துன்பம் உண்டு, பொறுப்பாளி இல்லை!

ஆகவே தோழனே, மன்றத்தின் தீர்மானத்தை நீ எழுதும்போது, ‘சாலை சீரமைக்கப்பட வேண்டும்’ என்று எழுதி ஓயாதே. ‘கொம்யூன் பஞ்சாயத்து இம்மாதத்துக்குள் சாலையைச் சீரமைக்க வேண்டும்’ என்று எழுது. அலுவலகத்தின் மறுமொழி ‘படும்’ என்று முடிந்தால், ‘யாரால்?’ என்று திருப்பிக் கேள். செய்பவரை மறைக்கும் வாக்கியம் நாட்டை ஆளும் வரையில், கேட்பவனாக நீ எழுவாய்!